வீட்டுக்குள் ஒரு விடாக்கண்டன்

பிட்புல் வாங்கச் சென்னையில் இனிப் புதிய உரிமம் கிடையாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கிற நாயின் கதி? கொரட்டூர்த் தெருக்களிலிருந்து ஒரு நேரடிப் பார்வை.

காலை ஆறேகால் மணி. கொரட்டூர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, தெருமுனையைப் பார்த்ததும் கோலப்பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் போய்க் கொண்டியைப் போட்டார். புள்ளி வைத்தபடி கோலம் பாதியில் நின்றது. பால் பாக்கெட் போட வந்த பையன் சைக்கிளை எதிர்ச்சாரிக்குத் திருப்பினான்.

வந்தது ஒரு நாய். முழங்கால் உயரம்தான். செம்பு நிறம். தலையும் கழுத்தும் ஒரே அகலம். வாயில் வாய்க்கூடு மாட்டியிருந்தது. பிடித்து வந்த இளைஞருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். செயினை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார். நான் ஒதுங்காமல் நின்றேன். நாய் நேராக வந்து வாய்க்கூட்டோடு முகத்தை என் முழங்காலில் தேய்த்தது. வால் ஆடிய ஆட்டத்தில் இடுப்பே ஆடியது.

"கடிக்காதாப்பா?" என்றார் கேட்டுக்குள்ளிருந்து அந்த அம்மா.

"ஒண்ணும் பண்ணாதும்மா. ரொம்ப சாது. எங்கண்ணன் பாப்பா இது மேல சாஞ்சுக்கிட்டுதான் டிவி பாக்கும்."

"இப்ப சாதுதான்..." என்று இழுத்தவர், மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

அந்த இளைஞர் சொன்னது பொய்யில்லை. என் முழங்காலே சாட்சி. அந்த அம்மாவின் பயமும் பொய்யில்லை. ஒரே நாயைப் பற்றிய இரண்டு உண்மைகள் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கின்றன.

ஜாஃபர்கான்பேட்டைக்குப் பிறகு

கொஞ்ச காலம் முன்பு வரை கொரட்டூரில் நாய் என்று பேச்செடுத்தால் அது தெரு நாய்தான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறவரைத் துரத்தியது, கருத்தடை வண்டி எப்போது வரும் என்கிற கேள்வி, இவ்வளவுதான். வீட்டு நாய் பேச்சுக்குள் வந்தது 2025 ஆகஸ்ட் 19-ஆம் தேதி. அன்று ஜாஃபர்கான்பேட்டையில் வளர்ப்புப் பிட்புல் ஒன்று அக்கம்பக்கத்து மனிதர் ஒருவரைக் கடித்துக் குதறியதில் அவர் உயிரிழந்தார். நாயின் உரிமையாளரான பெண்ணும் தடுக்கப் போய்க் காயமடைந்தார். அதற்கு ஓராண்டு முன்னதாக, 2024 மே 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைத் தாக்கின. பூங்காக் காவலாளியின் மகள் அவள்.

சட்டமும் நடுவில் தடுமாறியது. 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய அரசு, பிட்புல் டெரியர் உள்ளிட்ட 23 நாய் இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றை நிறுத்தும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதை ரத்து செய்தன. பிறகு சென்னை மாநகராட்சி தன் எல்லைக்குள் தானே முடிவெடுத்தது. 2025 டிசம்பரில் மன்றத் தீர்மானம் நிறைவேறியது. பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிப் புதிய உரிமம் இல்லை. மீறி வாங்கினால் 1 லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே உரிமத்தோடு வளர்ப்பவர்கள் வெளியே கூட்டிப் போகும்போது செயினும் வாய்க்கூடும் கட்டாயம்.

2011-இல் அம்பத்தூர் நகராட்சியோடு மாநகராட்சிக்குள் வந்த கொரட்டூருக்கும் இதே சட்டம்தான்.

மண்ணைத் தோண்டிய நாய்

பிட்புல்லின் முழுப்பெயர் 'அமெரிக்கன் பிட்புல் டெரியர்'. அந்தக் கடைசிச் சொல்லை நாம் கவனிப்பதில்லை. சுபாவத்தின் சாவி அதில்தான் இருக்கிறது. 'டெர்ரா' என்றால் லத்தீனில் மண். வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் பிடித்து இழுத்து வருவதற்காக இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட நாய்களுக்கு டெரியர் என்று பேர். இருட்டு வளைக்குள் எஜமானன் கூட வர முடியாது. "விடு" என்று சொல்லவும் ஆளில்லை. தானே முடிவெடுத்து, பல்லில் அகப்பட்டதை எது வந்தாலும் விடாமல் பிடிக்கிற நாய்தான் அந்த வேலைக்கு உதவும். நம் ஊரில் சொல்கிற உடும்புப் பிடி.

தமிழர் வீடுகளுக்கு டெரியர் புதிதில்லை. பாட்டி காலத்து எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் குழாய்க்குள் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாய் டெரியர் கலப்புதான். 1884-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. வீட்டுக்கு வருகிறவர்களின் கெண்டைக்காலைக் கடிக்கிற வழக்கத்தால் அதற்கு 'நிப்பர்' என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். சாந்தமே உருவாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாயின் பேருக்குள்ளேயே ஒரு கடி இருந்திருக்கிறது.

டெரியரின் விடாப்பிடியை நான் கிட்டத்தில் பார்த்தது பாடியில், நண்பர் வீட்டில். அது ஜாக் ரஸ்ஸல் டெரியர், எட்டு கிலோ இருக்கும். வெள்ளை உடம்பு, ஒரு காதில் மட்டும் பழுப்பு. மழை விட்டு இரண்டு நாள். வீட்டுப் பின்பக்கச் சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்து பெருச்சாளி வருகிறது என்று நண்பரின் மனைவி சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனபோது நாய் அந்த மூடிக்கு எதிரே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்தே அப்படித்தானாம். சோற்றுத் தட்டை வைத்தும் திரும்பவில்லை. முன்னங்காலில் ஒன்றைச் சற்றே தூக்கி வைத்திருந்தது. தொடையில் மட்டும் ஒரு நடுக்கம். இடுக்கில் மூக்கு ஒன்று தெரிந்தது. அடுத்து நான் பார்த்தது பெருச்சாளி காற்றில் இருப்பதை. கழுத்தைப் பிடித்து இடம் வலமாக இரண்டே உதறல். பெருச்சாளியின் தலை தொங்கிவிட்டது. குரைப்பும் இல்லை, உறுமலும் இல்லை. நாய் அதைக் கீழே போட்டது, முகர்ந்தது, நடந்து போய்ச் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பாதத்தை நக்கியது. பிள்ளையை அவசரமாகத் தூக்கிப் போய் அவர்கள் சோப்புப் போட்டுக் காலைக் கழுவினார்கள். எலிக்காய்ச்சல் பயம்.

"இதுக்குக் கோபமே வராதுண்ணே. அது வேலைய அது பாத்துச்சு, அவ்ளோதான்" என்றார் நண்பர்.

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. கடிக்கிற நாய் கோபக்கார நாய் என்று நாம் நினைக்கிறோம். உறுமும், பல்லைக் காட்டும், அப்புறம்தான் பாயும் என்று எதிர்பார்க்கிறோம். டெரியருக்குக் கடி ஒரு கோபமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது ஒரு வேலை. அந்த வேலையைத் தொடங்கிய பிறகு நிறுத்துவதற்கு அதன் பரம்பரையில் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எட்டு கிலோ நாயிடம் இது பெருச்சாளிக்கு மட்டும் ஆபத்து. 25 கிலோ நாயிடம்?

> பெட்டிச் செய்தி: ஒரு குடும்பம், பல உருவம்
>
> ஜாக் ரஸ்ஸல்: இங்கிலாந்தின் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் 1819-இல் வாங்கிய பெண் நாயின் வழி வந்தது. நரி வேட்டைக்கானது.
>
> யார்க்‌ஷயர் டெரியர்: மூன்று கிலோ பொம்மை போல் இருக்கும். ஆலைகளில் எலி பிடித்த நாய்களின் வாரிசு.
>
> ஸ்டாஃபர்ட்‌ஷயர் புல் டெரியர்: இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1935-இல் ஏற்றுக்கொண்ட இனம்.
>
> அமெரிக்கன் பிட்புல் டெரியர்: அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப் 1898-இல் பதிவு செய்தது. சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. இன்றுவரை இதைத் தனி இனமாக ஏற்கவில்லை. ஆண் நாய் 16 முதல் 27 கிலோ வரை.

குழியும் கோச்சையும்

'பிட்' என்றால் குழி. இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு நாயை ஏவிவிடும் விளையாட்டு 1835-இல் சட்டத்தால் நின்றது. ஆட்டக்காரர்கள் ஒளிவுமறைவாகக் குழிகளுக்கு இறங்கினார்கள். நாயோடு நாயை மோதவிட்டார்கள், நூறு எலிகளைக் குழிக்குள் கொட்டி ஒரு நாய் எத்தனை நிமிடத்தில் கொல்கிறது என்று பந்தயம் கட்டினார்கள். புல்டாக்கின் தாடையும் டெரியரின் விடாப்பிடியும் சேர்ந்த நாய் வேண்டியிருந்தது. இரண்டையும் இணைத்தார்கள்.

சேவற்கட்டு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரும்பி ஓடிய சேவல் கோச்சை. அது குழம்புக்குப் போகும், அதன் வித்து தொடராது. நாய்க் குழியிலும் அதே கணக்குதான். காயம்பட்டாலும் கோட்டைத் தாண்டி மறுபடி போய்க் கவ்வுகிற நாய்க்குத்தான் குட்டி எடுத்தார்கள். அதே சமயம் சண்டைக்கு நடுவே ஆள் இறங்கிக் கையால் பிரித்துத் தூக்கும்போது மனிதனைக் கடிக்கிற நாயை வைத்துக்கொள்ள அவர்களாலேயே முடியாது. நாயிடம் விடாதது, மனிதனிடம் குழைவது என்ற இரட்டைச் சுபாவம் அப்படி வந்தது என்பார்கள். கொரட்டூர்த் தெருவில் என் முழங்காலில் முகம் தேய்த்தது அந்தக் குழைவுதான்.

ஆனால் இன்று இங்கே விற்கிற குட்டிக்கு அந்தச் சலித்தெடுப்பும் நடக்கவில்லை. தாய் தகப்பன் சுபாவம் என்ன, முன்பு யாரையாவது கடித்ததா என்று பார்த்து யார் குட்டி எடுக்கிறார்கள்? தலை பெரிதாக இருக்கிறதா, நெஞ்சு அகலமா, நிறம் அபூர்வமா என்பதுதான் விலை. 'பிட்புல்' என்று வாங்கி வந்தது எதோடு எது சேர்ந்தது என்று வாங்கியவருக்கும் தெரியாது, பல சமயம் விற்றவருக்கும் தெரியாது.

இங்கே இரண்டு நம்பிக்கைகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கதை. அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் எலும்பிலும் இல்லை. விடக்கூடாது என்பது அதன் மனசில் இருக்கிறது, தாடையில் இல்லை. இரண்டாவது, இனத்தைச் சொன்னால் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது. 'சயின்ஸ்' இதழில் 2022-இல் வெளியான ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவோடு ஒப்பிட்டது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வித்தியாசத்தில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்றது.

பிட்புல் பிரியர்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுகிறார்கள். "பாத்தீங்களா, எல்லாம் வளக்குறதுல இருக்கு." முழுக்க ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு நாய் கடிக்குமா கடிக்காதா என்பதை இனம் அவ்வளவாகச் சொல்லாது, சரி. கடித்த பிறகு என்ன ஆகும் என்பதை உடம்பு சொல்லிவிடும். பொமரேனியன் கடித்தால் ஊசி போட்டுக்கொண்டு வரலாம். 25 கிலோ தசை பிடித்து உதறினால் அடுத்த நிமிடத்தில் கையில் எதுவும் இருக்காது. பத்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை நடந்தாலும், அந்த ஒரு தடவைக்குப் பிறகு திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை. கோலம் போட்ட அம்மா சொல்லாமல் விட்ட வார்த்தை இதுதான்.

வாங்குவது மகன், வளர்ப்பது அம்மா

கொரட்டூரில் பெரிய நாய் வளர்க்கும் ஏழெட்டு வீடுகளுக்குப் போனேன். பிட்புல், அதன் கலப்பு, ராட்வீலர். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கதை ஒன்று. நாயை வாங்கி வந்தது மகன். ஜிம்முக்குப் போகிற வயது, ரீல்ஸில் பார்த்த ஆசை. அவன் காலை எட்டு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ ஓஎம்ஆருக்கோ கிளம்பினால் திரும்ப ராத்திரி எட்டரை. நடுவில் இருக்கிற பன்னிரண்டரை மணி நேரமும் நாய் யாரிடம்? அம்மாவிடம். சில வீடுகளில் பாட்டியிடம்.

ஒரு வீட்டில் அந்த அம்மா வலது கையைக் காட்டினார். கட்டை விரலுக்குக் கீழே செயின் அறுத்த தழும்பு. "பூனையப் பாத்து இழுத்துச்சு. நான் விழுந்துட்டேன். அது மேல தப்பில்ல சார், எனக்குத்தான் பலம் பத்தல." அன்றிலிருந்து அவர் நாயை வெளியே கூட்டிப் போவதில்லை. நாய் பகல் முழுக்க நாலுக்கு ஆறு பால்கனியில். கம்பி வழியாகத் தெருவில் போகிற ஒவ்வொரு சிலிண்டர் வண்டியையும் ஒவ்வொரு டெலிவரி பையனையும் பார்த்துப் பாய்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பாய்ச்சல்! அத்தனையும் அதற்குப் பயிற்சிதான்.

2022 ஜூலையில் லக்னோவில் நடந்ததை இந்த வீடுகள் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஜிம் பயிற்சியாளரான மகன் வளர்த்த பிட்புல், அவர் வெளியே போயிருந்த நேரத்தில், 82 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியையான அவருடைய தாயைக் கடித்துக் கொன்றது. மூன்று வருஷம் அதே வீட்டில் வளர்ந்த நாய். கூடவே ஒரு லாப்ரடாரும் இருந்தது. ஜாஃபர்கான்பேட்டையிலும் நாயைப் பிடித்திருந்த பெண்ணால் அதை அடக்க முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்கு நாய் இனத்தைவிடப் பெரிதாகத் தெரிவது இதுதான்: வீட்டிலேயே பலம் குறைந்தவர் கையில் அந்த நாய் நிற்குமா? நிற்காது என்றால் அது அந்த வீட்டு நாய் இல்லை. மகனின் நாய் மட்டும்தான்.

ஆசைக்குப் பின்னால் பயமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்திருக்கும் முதிய தம்பதிகள் இங்கே நிறைய. செயின் பறிப்புச் செய்தி வராத வாரமில்லை. காவலுக்கு ஒரு நாய் என்று மகன் அங்கிருந்து பணம் அனுப்பி வாங்கித் தருகிறான். காவலுக்கு வேண்டியது குரைக்கிற நாய். டெரியர் பரம்பரையில் பெரியதைத் தேர்ந்தெடுத்துக் காவலுக்கு வைப்பது, திருடனுக்குப் பயந்து வாசலில் கரண்ட் கம்பி கட்டுவது மாதிரி. முதலில் தொடுவது வீட்டுக்காரராகத்தான் இருக்கும்.

நம் தெரு வேறு தெரு

லண்டனிலோ சிகாகோவிலோ பிட்புல் வளர்த்தவர் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வளர்க்கிறார்கள். அவர்கள் தெருவில் தெரு நாய் கிடையாது. கொரட்டூரில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு கூட்டம் உண்டு. பெல்ட் கட்டிய நாயைக் கண்டால் அவை நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு குரைக்கும். நாயோடு மோதுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த பரம்பரையைத் தினம் இரண்டு வேளை அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடத்திப் போகிறோம். நடுவில் சிக்குகிறவர் காய்கறி வாங்கப் போகிறவராக இருக்கலாம். ஏரிக்கரையில் செயினைக் கழற்றி ஓட விடுகிறவர்களையும் பார்த்தேன். நீர்ப்பறவைகள் இறங்குகிற இடம், நடைப்பயிற்சிக்கு வயதானவர்கள் வருகிற நேரம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வெயில் இன்னொன்று. இந்த நாய்க்குத் தினம் ஒரு மணி நேரமாவது நாக்குத் தொங்க ஓட்டம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் எட்டு மணிக்கே தார் ரோடு பாதத்தைச் சுடும். கத்திரியில் ஓட்டம் கிடையாது, ஏ.சி. அறையில் அடைபட்டுக் கிடக்கும். ஓடாத டெரியர் சோபாவைத் தின்னும், கதவைத் தோண்டும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கும். சேட்டை என்று அடிக்கிறார்கள். வேலை இல்லாத நாயின் கூச்சல் அது.

சில குட்டிகளின் காதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. கூர்மையாக நிற்கட்டும் என்று கத்தரித்திருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாய்க்குக் காதுதான் பேச்சு. பயந்தால் மடக்கும், சந்தேகம் வந்தால் பின்னுக்கு இழுக்கும். ஏற்கெனவே உறுமாமல் வேலையைத் தொடங்குகிற நாய் அது. அதன் எச்சரிக்கை மொழியில் பாதியை நாமே வெட்டி எறிந்துவிட்டு, "சொல்லாம கொள்ளாம கடிச்சிடுச்சு" என்கிறோம்.

> பெட்டிச் செய்தி: கடித்துவிட்டால்
>
> எந்த நாயாக இருந்தாலும், தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.
>
> உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.
>
> வளர்ப்பு விலங்கால் ஆபத்து நேரும்படி அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சம்ஹிதா 291-ஆவது பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தடைக்குப் பிறகு நாய் எங்கே போகும்?

தடையை நான் ஆதரிக்கிறேன். வீடும் வீடும் ஒட்டி நிற்கிற, நாலு மாடிக்கு ஒரே லிப்ட் இருக்கிற ஊரில், புதிதாக ஒரு பிட்புல் குட்டி வரத் தேவையில்லை. ஆனால் தீர்மானம் போட்டதோடு வேலை முடியவில்லை. இங்கேதான் ஆபத்தான பகுதி தொடங்குகிறது.

இத்தனை நாள் உரிமம் வாங்காமல் வளர்த்தவர் இப்போது என்ன செய்வார்? மாநகராட்சிக்குப் போனால் அபராதம் என்று பயப்படுவார். நாயை வெளியே கொண்டுவர மாட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நடத்துவார். டாக்டரிடம் போக மாட்டார், தடுப்பூசி தவறும். ஆளைப் பார்க்காமல் வளர்கிற நாய், ஆளைக் கண்டால் மிரளும். அதாவது, எந்த நாயைக் கண்டு நாம் பயந்தோமோ அதே நாயை இந்தப் பயமே உருவாக்கும். நான் பேசிய ஒருவர் நாய் இருப்பதையே முதலில் மறுத்தார். உள்ளே அது கதவைப் பிராண்டுகிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னும் சிலர் ராத்திரியோடு ராத்திரியாகப் பூந்தமல்லிப் பக்கம், திருவள்ளூர்ப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். வளர்த்த விலங்கைக் கைவிடுவதும் அதே 1960 சட்டத்தில் குற்றம். குற்றம் என்பதைவிடப் பெரிய விஷயம், அந்த ஊரிலும் கோலம் போடுகிற அம்மா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆடு மேய்ப்பவர் இருக்கிறார். நம் வீட்டு ஆபத்தை இன்னொருவர் வாசலில் வைக்க நமக்கு என்ன உரிமை?

இங்கிலாந்து 1991-லேயே பிட்புல்லைத் தடை செய்தது. 2023-இல் 'எக்ஸ்எல் புல்லி' நாயையும் அந்தப் பட்டியலில் சேர்த்தபோது, ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்குக் குறிப்பிட்ட தேதி வரை விலக்குச் சான்று கொடுத்தது. கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு, வெளியே வந்தால் வாய்க்கூடு என்று நிபந்தனைகள். நாயை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு வாசல் திறந்திருந்தது. சென்னை மாநகராட்சியும் உரிமம் இல்லாத பிட்புல்களுக்கு ஒரு தடவை அப்படி வாசலைத் திறக்க வேண்டும். அபராதமில்லாமல் வரச் சொல்லி, ஊசி போட்டு, சிப் பொருத்தி, கருத்தடை செய்து அனுப்ப வேண்டும். கணக்கில் வராத நாய்தான் ஊருக்கு ஆபத்து. வார்டு கூட்டத்தில் கொரட்டூர்க்காரர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா நாயையும் காலி பண்ணு என்று பெரும்பான்மைத் தீர்மானம் போட சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. லிப்டில் வரக்கூடாது என்றும் தடுக்க முடியாது. வாய்க்கூடு போடு, உரிமத்தைக் காட்டு, செயினைக் குட்டையாகப் பிடி என்று கேட்கலாம். சண்டை போடாமல் கேட்டால் பெரும்பாலானோர் செய்கிறார்கள். நான் பார்த்த ஒரு குடியிருப்பில் பிட்புல் லிப்டில் வருவதற்கு முன் உரிமையாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறி போடுகிறார். அந்த இரண்டு நிமிடம் மற்றவர்கள் படியில் இறங்குகிறார்கள். மூன்று மாதமாக அங்கே வாய்ச்சண்டை இல்லை.

வீட்டில் இருப்பதை என்ன செய்வது?

அந்தச் செம்பு நிற நாயை வளர்க்கும் இளைஞரோடு இன்னொரு நாள் பேசினேன். வாய்க்கூட்டை எப்படிப் பழக்கினார் என்று செய்து காட்டினார். நல்ல வாய்க்கூடு கூடை மாதிரி இருக்க வேண்டும். உள்ளே நாய் வாயைத் திறந்து இளைக்க முடிய வேண்டும், தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். துணிப்பட்டையால் வாயை இறுக்கிக் கட்டுவது நம் வெயிலுக்கு நாயைக் கொன்றுவிடும். அவர் கூடைக்குள் வேகவைத்த ஈரல் துண்டை வைத்தார். நாய் தானாக முகத்தை உள்ளே விட்டது. முதல் வாரம் பட்டையை மாட்டவே இல்லையாம். வெறும் ஈரல் மட்டும். இரண்டாவது வாரம் ஒரு நொடி மாட்டிக் கழற்றினார். இப்போது அவர் கூடையைக் கையில் எடுத்தாலே நாய் வந்து உட்காருகிறது.

"அண்ணன் பாப்பாவோட தனியா விடுறீங்களா?" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. "அதான் சார், அதை நிறுத்தணும்" என்றார்.

நிறுத்தத்தான் வேண்டும். எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சின்னப் பிள்ளையோடு பெரிய நாயைத் தனியே விடக்கூடாது. இது பிட்புல்லுக்கு மட்டுமல்ல, எல்லா நாய்க்கும். பிள்ளை அழும், ஓடும், விழும், கீச்சென்று கத்தும். டெரியரின் காதில் அது எலியின் சத்தம். கருத்தடை செய்யுங்கள், குட்டி எடுத்து விற்கும் ஆசையை விடுங்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது நாயை அடக்கப் பழகியிருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பகலில் வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். பால்கனியில் கட்டிப்போடாதீர்கள். அதிகாலை ஒரு மணி நேரம் ஓட்டம், மாலையில் கயிற்றுப் பந்தை இழுக்கவிட்டு "விடு" என்றால் விடுகிற பழக்கம். அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்ட டெரியரைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்.

புதிதாக நாய் வேண்டுமென்றால்? ஜாக் ரஸ்ஸலைப் பார்த்து, சின்னதுதானே என்று பிளாட்டுக்கு வாங்காதீர்கள். அளவுதான் சின்னது, ஆட்டம் பெரிது. நம் தெருவிலேயே பிறந்த குட்டி ஒன்று நம் வெயிலுக்கும் மழைக்கும் சோற்றுக்கும் பழகியது. யார் வந்தாலும் குரைக்கும். 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் தத்துக்குக் குட்டிகள் காத்திருக்கின்றன. பகலெல்லாம் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு வேண்டிய காவலை அது கொடுக்கும். அவர் கையில் நிற்கவும் நிற்கும்.

பிட்புல் வைத்திருக்கிறீர்கள், உரிமத்தில் குழப்பம், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் ஒளிக்காதீர்கள். திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையம் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் அங்கே இலவசம். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். கொரட்டூரிலிருந்து வண்டியில் அரை மணி நேரம். போகும்போது வாய்க்கூடு மாட்டிக் கூட்டிப் போங்கள்.